கோடையில் வீட்டு முதியவர்: எலப்புள்ளி வெயிலுக்கு ஒரு பராமரிப்பு முறை

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. வெப்ப அலை எச்சரிக்கை வந்திருந்த அந்த நாட்களில்தான் எலப்புள்ளியில் தொண்ணூறு வயதை ஒட்டிய ஒரு மூதாட்டி இறந்தார். வெயில் தாக்கியதே காரணம் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த கணவாய் வாசலில் இருக்கிறது இந்த ஊர். பங்குனி, சித்திரையில் கிழக்கேயிருந்து வரும் உலர்ந்த காற்று மலைத் தடுப்பில்லாமல் நேராக உள்ளே நுழைகிறது. கடற்கரை மாவட்டங்களுக்குச் சொல்லும் கோடை அறிவுரை இங்கே போதாது.

வீட்டில் எழுபது, எண்பது வயதுக்காரரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் மருமகளுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் இந்த அத்தியாயம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது, வேர்வை குறைகிறது, நீரைத் தேக்கிவைக்கும் சக்தியைச் சிறுநீரகம் இழக்கிறது. அதனால், "தண்ணி வேணுமா ஆத்தா?" என்று கேட்டால், "வேண்டாங் கண்ணு" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. தாகம் நிஜமாகவே தெரிவதில்லை. கேட்டுக் கொடுக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

மாசியிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

1. வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு முறத்தில் கொட்டுங்கள். கேரள-தமிழ்நாடு எல்லைப்புற வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரஷருக்கும் சுகருக்கும் பஞ்சாயத்து ஆஸ்பத்திரி மாத்திரை, நெஞ்சுவலிக்கோ மூட்டுவலிக்கோ கோயம்புத்தூர் டாக்டர் எழுதிய மாத்திரை. கம்பெனிப் பெயர் வேறு வேறாக இருக்கும், உள்ளே மருந்து ஒன்றாக இருக்கும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்து, ஒன்றுபோல் இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். நீங்களாக எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

2. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய் நான்கு கேள்விகள் கேளுங்கள். இவற்றில் இரட்டிப்பாக ஏதாவது இருக்கிறதா? சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரையின் அளவைக் கோடைக்கு மாற்ற வேண்டுமா? வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாளில் எந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும்? ஒரு நாளைக்கு இவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? இதய வீக்கமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்குக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். அவர்களுக்குக் கீழே வரும் தண்ணீர்க் கணக்கு பொருந்தாது.

3. ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் பக்கத்தில் பெயர், வயது, நோய்கள், ஒவ்வாத மருந்து, இப்போது சாப்பிடும் மருந்துகள், அளவு, நேரம். இதை ஆங்கிலத்தில் எழுதி வைப்பது நல்லது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியிலும் கோவை ஆஸ்பத்திரியிலும் ஒரே பக்கம் பயன்படும்.

4. டிஜிட்டல் தெர்மாமீட்டர், பிரஷர் பார்க்கும் கருவி, சுகர் உள்ளவருக்குக் குளுக்கோமீட்டர், பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட். இவ்வளவு வீட்டில் இருக்கட்டும்.

5. இன்சுலினுக்கு இடம் பார்த்து வையுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃபிரிட்ஜின் கதவுப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஃபிரீசரில் கூடாது. பயன்பாட்டில் உள்ளது வெளியே இருக்கலாம், ஆனால் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இங்கே சித்திரையில் அறைக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானையில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்ன மண்சட்டி வைத்து, இன்சுலினைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதில் வைத்து மூடுங்கள். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பானை நிழலில், காற்று படும் இடத்தில் இருக்கட்டும்.

தண்ணீர்: நேரம் குறித்துக் கொடுப்பது

டாக்டர் கட்டுப்பாடு எதுவும் சொல்லாதவருக்கு, குடிக்கும் பானங்களாக மட்டும் பெண்களுக்கு ஏறத்தாழ 1.6 லிட்டரும் ஆண்களுக்கு 2 லிட்டரும் ஒரு நாளைக்கு வேண்டும். இது சாதாரண நாட்களுக்கான அளவு, வெயில் காயும் நாளில் இன்னும் கொஞ்சம் கூடும். 200 மில்லி பிடிக்கும் டம்ளரில் எட்டு முதல் பத்து. ஒரே மூச்சில் குடிக்க முடியாதவருக்கு அரை டம்ளராகப் பிரியுங்கள்.

1. எழுந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர்.
2. காலை மாத்திரையோடு முழு டம்ளர். மாத்திரை விழுங்க ஒரு வாய் மட்டும் குடிக்கும் பழக்கத்தை மாற்றுங்கள்.
3. பத்து மணிக்கு மோர். உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை போட்ட சம்பாரம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. பிரஷர்காரருக்கு உப்பைக் குறையுங்கள்.
4. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் அரை அரை டம்ளர். சோறு இறங்கவில்லை என்றால் கஞ்சியாகவே கொடுத்துவிடலாம்.
5. இரண்டு மணி, நான்கு மணி, ஐந்தரை மணி: ஒவ்வொரு டம்ளர்.
6. கணக்கில் குறையும் டம்ளர்களைப் பகலிலேயே இடையிடையே கொடுத்துவிடுங்கள்; ஏழு மணிக்குமேல் சிறிது சிறிதாக மட்டும்.

ஏழு மணிக்குமேல் குறைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல முதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், ராத்திரி எழுந்து கக்கூஸ் போகப் பயந்து பகல் முழுக்கத் தண்ணீரைத் தள்ளிவிடுகிறார்கள். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருந்தால் கேட்கவே வேண்டாம். இதை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அறிவுரை சொல்லிப் பயனில்லை. கட்டிலோரம் கமோடு நாற்காலி ஒன்று போடுங்கள், ஆண்களுக்குச் சிறுநீர்க் குப்பி வையுங்கள், வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். தண்ணீர் தானாக இறங்கத் தொடங்கும்.

குறிப்பு: நுங்கும் இளநீரும் நல்லவை. ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில பிரஷர், இதய மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.

குறிப்பு: பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுக்காவில் கள் புழங்காத ஊர் குறைவு. வெயிலுக்குக் குளிர்ச்சி என்று சொல்லிப் பெரியவர்கள் குடிப்பதுண்டு. மது எதுவானாலும் உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும், நிதானத்தையும் குலைக்கும். உச்சி வெயிலில் குடித்துவிட்டு வரப்பில் படுத்தவரை, போதை என்று நினைத்து யாரும் எழுப்பாமல் போய்விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ளச் சிறுநீரைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நல்லது. அடர் மஞ்சளாக, நாற்றத்தோடு, கொஞ்சமாகப் போனால் போதவில்லை. எட்டு மணி நேரமாகப் போகவே இல்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி. புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை முதியவரிடம் பலிக்காது. தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். நாக்கு உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓ.ஆர்.எஸ். கலக்கும் முறை

வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிக வேர்வை ஆகியவற்றுக்கு மட்டுமே இது. தினமும் குடிக்கும் பானம் இல்லை.

1. உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரித்தது என்று இருக்கிறதா பாருங்கள். அட்டைப் பெட்டியில் விற்கும் சர்க்கரைப் பானங்கள் பல இதே பெயரில் விற்பனையாகி வந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது.
2. பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் போடுங்கள். பாதியைக் கொட்டிவிட்டு மீதியை மடித்து வைப்பது தவறு, அளவு தப்பிவிடும்.
3. சர்க்கரை, எலுமிச்சை, பால் எதுவும் சேர்க்காதீர்கள்.
4. 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து.

அறையும் பகல் பொழுதும்

கான்கிரீட் தளமும் சிமென்ட் ஷீட்டும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க வீட்டுக்குள் இறக்கும். முதியவரை மாடியிலிருந்து கீழே, மேற்கு வெயில் படும் சுவர் இல்லாத அறைக்கு மாற்றுங்கள். கூரை மேல் தென்னங்கீற்றுப் பரப்பலாம், சுண்ணாம்பு அடிக்கலாம். காலை ஒன்பது மணிக்குள் வெயில் படும் ஜன்னல்களைச் சாத்தித் திரை போடுங்கள், வெளியே காற்று குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றோட்டம் என்று தோன்றும். உள்ளே வருவது அனல்தான்.

மின்விசிறியை நம்பி மட்டும் இருக்காதீர்கள். அறையின் சூடு 40 டிகிரியை நெருங்கினால் விசிறி சூடான காற்றை உடம்பின் மேல் வீசும், அவ்வளவே. வேர்வை குறைந்த முதியவருக்கு அது இன்னும் மோசம். கை, கால், கழுத்து, முகத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள், அப்போதுதான் உடம்பு குளிரும். மின்சாரம் போகும் பகல்களுக்குப் பனையோலை விசிறி ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

குளியல் காலையில். மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியின் தண்ணீர் மதியத்துக்குமேல் தோல் சுடும் அளவுக்குப் போகும், சுகர் முற்றிக் கால் மரத்துப்போனவருக்கு அந்தச் சூடு தெரியாது. முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே அனுப்பாதீர்கள். கோடையில் வெயிலில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கே 12 முதல் 3 மணி வரை கட்டாய ஓய்வு தரும் உத்தரவை கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் போடுகிறது. ரேஷன் கடை, வங்கி, பென்ஷன், கோயில் எல்லாவற்றையும் காலை வேளைக்கு மாற்றுங்கள். ஆடு மேய்க்கப் போகாமல் இருக்க முடியாத பெரியவரிடம் சண்டை போடாதீர்கள். ஆறு மணிக்கே போய் ஒன்பதரைக்குத் திரும்பும்படி நேரத்தை மாற்றிக் கொடுங்கள், கையில் தண்ணீரும் போனும் இருக்கட்டும்.

நீர்ச்சத்து குறைந்த உடம்பில் எழுந்து நின்றதும் பிரஷர் சட்டென்று இறங்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிவது பல நேரம் இப்படித்தான். எழும் முறையைப் பழக்குங்கள்: படுக்கையில் காலை மடக்கி நீட்டிப் பத்து முறை, பிறகு ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, தலை சுற்றவில்லை என்றால் நடக்கலாம். மேல் பிரஷர் 100க்குக் கீழே போய்த் தலையும் சுற்றினால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு

கோடையில் படுக்கைப் புண் வேகமாக வரும். அழுத்தத்தோடு வேர்வை ஈரமும் சேர்ந்து தோலை ஊறவைத்துவிடுகிறது. ரெக்சின் விரிப்பை முழு மெத்தைக்கும் போடாதீர்கள், இடுப்புக்குக் கீழே மட்டும் போதும். அதன் மேல் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி, பழைய வேட்டி மிக நல்லது.

1. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பின் மேல் எடை விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும், 30 டிகிரிக்குமேல் வேண்டாம்.
2. திருப்பும்போது இழுக்காதீர்கள். கீழே விரித்த துணியை இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். தோல் உரசினால் அங்கேயே புண் தொடங்கும்.
3. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள்.
4. திருப்பும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்: முதுகின் அடிப்பகுதி, இடுப்புப் பக்கங்கள், குதிகால், முழங்கை, பின்னந்தலை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் இருந்தாலே சரியாகும். வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது; சுற்றுப்புறத்தைவிட கருநீலமாகவோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.
5. டயப்பரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை திறந்து பாருங்கள். பகலில் சில மணி நேரமாவது டயப்பர் இல்லாமல் துணி மட்டும் போடலாம்.
6. சாப்பாடும் தண்ணீரும் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்காரவைத்தே. முடிந்தபின் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மல்லாக்கப் படுத்தவர் வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடலாம்.
7. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல். ஒரு நாளின் மொத்த அளவைக் குறியுங்கள். 500 மில்லிக்குக் கீழே போனாலோ, பையில் எதுவும் இறங்காமல் அடிவயிறு உப்பினாலோ நர்ஸைக் கூப்பிடுங்கள்.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள் சில: சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது, ஸ்பிரிட் தடவுவது, நடுவில் ஓட்டையுள்ள வளையத்தில் உட்காரவைப்பது, வேர்வை மேல் பவுடரைக் கொட்டுவது. நான்குமே புண்ணை வளர்க்கும். காற்று மெத்தை வாங்கிப் போட்டுவிட்டுத் திருப்புவதை நிறுத்துவது ஐந்தாவது.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளம் முழுக்கப் பரவி, 2008இல் மாநில அரசு இதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. இன்று பஞ்சாயத்து வழியாகப் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வருகிறார். புண்ணுக்குக் கட்டுப்போடுவார், குழாய் மாற்றுவார், உங்களுக்கும் கற்றுக்கொடுப்பார். ஆஷா ஊழியரிடமோ வார்டு மெம்பரிடமோ சொல்லிப் பெயரைப் பதியுங்கள். "பாலியேட்டிவ் என்றால் கேன்சர்காரருக்குத்தான், சாகப்போகிறவருக்குத்தான்" என்று எண்ணிப் பதியாமல் இருக்கும் வீடுகளை நினைத்தால் மனம் ஆறவில்லை. பக்கவாதத்தில் படுத்தவர், முதுமையில் எழ முடியாதவர் எல்லோருக்கும் உரியது அது.

வெயில் தாக்கினால்

முதியவரிடம் வெயில் தாக்குதல் பல நேரம் அமைதியாகவே வரும். அதிகம் தூங்குவார், பேச்சு குழறும், மகனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நடை தள்ளாடும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால் அது வயதின் கோளாறு இல்லை, நோயின் அறிகுறி.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வேர்வை, சோர்வு மட்டும் இருந்து நினைவு தெளிவாக இருந்தால்: நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, உடம்பை ஈரத் துணியால் துடைத்து, ஓ.ஆர்.எஸ். வாய் வாயாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

உடம்பு கொதித்து, நினைவும் தடுமாறினால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. தெர்மாமீட்டர் 40 காட்டும்வரை காத்திருக்காதீர்கள். அக்குளில் வைத்தால் உள்சூட்டைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

1. ஒருவர் 108ஐக் கூப்பிடட்டும். வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே எண்தான்.
2. இன்னொருவர் அதே நேரத்தில் முதியவரை நிழலுக்கு மாற்றி, துணிகளைத் தளர்த்திக் களையட்டும்.
3. குடத்துத் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ தலை முதல் கால் வரை ஊற்றுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் வேண்டாம். ஊற்றிக்கொண்டே விசிறுங்கள்.
4. ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்தின் இருபுறம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள்.
5. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.
6. சுகர்காரர் என்றால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.
7. முகம் ஒருபுறம் கோணுகிறதா, ஒரு கை தூக்க முடியவில்லையா என்று பாருங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.
8. வண்டியில் ஏற்றிய பிறகும் நனைப்பதையும் விசிறுவதையும் விடாதீர்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம். வண்டி வரும்வரை சும்மா நிற்பதுதான் உயிரைக் கொண்டுபோகிறது.

காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். வெயில் சூட்டை அது இறக்காது, ஈரலுக்குக் கெடுதல்.

சந்தேகம் கேட்க கேரளத்தில் 104, 1056 எண்களில் திசா உதவி மையம் இருக்கிறது. தனியாக வாழும் முதியவருக்கு உதவி தேவைப்பட்டால் நாடு முழுக்க 14567. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தினமும் இரண்டு முறை, காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் போன் போடுங்கள். "நல்லா இருக்கியாம்மா" என்பதோடு விடாமல், "எத்தனை டம்ளர் ஆச்சு, ஒன்னுக்குப் போச்சா" என்று கேளுங்கள். போன் எடுக்கவில்லை என்றால் உடனே போய்ப் பார்க்க ஒரு பக்கத்து வீட்டுக்காரரை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு

வெயில் தாக்கித் தேறியவரை அடுத்த சில வாரங்களுக்கு வெயில் மறுபடியும் எளிதில் தாக்கும். வெளி வேலை எதுவும் வேண்டாம். சிறுநீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை மூன்றையும் பழைய அளவிலேயே தொடரலாமா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு, பதிலை நோட்டில் எழுதி வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லலாம். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். தண்ணீர் நேரப் பட்டியலை முதல் மழை பெய்ததும் கழற்ற வேண்டாம். மழைக்கு மறுநாள் ஈரப்புழுக்கத்தில் வேர்வை ஆறாது; இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை ஊன்றி, ராத்திரிகள் குளிரும்வரை அது சுவரிலேயே இருக்கட்டும்.